திறமை இருக்கு சார், மிச்சம் எங்கே?

2003-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 27 வயது கணக்காளர் ஒருவர், வேலை முடிந்த நேரங்களில் கம்ப்யூட்டரில் போக்கர் ஆடிக்கொண்டிருந்தார். பெயர் கிறிஸ் மணிமேக்கர். (நிஜமாகவே குடும்பப் பெயர் அதுதான், பட்டப்பெயர் இல்லை!) போக்கர்ஸ்டார்ஸ் என்ற தளத்தில் 86 டாலர் கட்டி ஒரு தகுதிச் சுற்றில் உட்கார்ந்தார். அதில் ஜெயித்து அடுத்த சுற்று, அதிலும் ஜெயித்து லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டிக்கு இடம் பிடித்தார். நேரடியாகக் கட்டி நுழைய வேண்டுமென்றால் 10,000 டாலர்.

மனிதர்களுக்கு எதிரே உட்கார்ந்து அவர் ஆடிய முதல் போட்டியே அதுதான். மொத்தம் 839 பேர். கடைசி மேசையில் சாமி ஃபார்ஹா என்ற பழம் தின்று கொட்டை போட்ட ஆட்டக்காரர். அவரையும் சாய்த்துவிட்டு 25 லட்சம் டாலரோடு வீட்டுக்குப் போனார் மணிமேக்கர்.

அப்புறம் என்ன... உலகம் முழுக்க ஆபீஸ் வேலை பார்க்கிற ஒவ்வொருத்தனுக்கும் 'நாமும் ஒரு மணிமேக்கர்தான்' என்று தோன்றிவிட்டது. 2004-ல் அதே போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள். 2006-ல் 8,773 பேர்.

கணக்காளர், சாதாரண மனிதர், பொழுதுபோக்காக ஆடியவர், கோடீஸ்வரர். காமர்ஸ் படிக்கிற யாருக்கும் இந்தக் கதை பிடிக்கும். ஆனால் காமர்ஸ் படிக்கிறவன் வரவுப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நோட்டை மூடலாமா? பற்றுப் பக்கமும் இருக்கிறதே. அந்த 839 பேரில் பரிசு வாங்கியது 63 பேர். மீதி 776 பேர் வெறுங்கையோடு போனார்கள். அவர்களைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. இன்னொன்று, மணிமேக்கர் கணக்காளர் வேலையை விட்டுவிட்டு அதே போக்கர்ஸ்டார்ஸுக்குப் பல வருடம் விளம்பர முகமாக இருந்தார். அந்த 25 லட்சம் டாலரால் அதிகம் சம்பாதித்தது ஜெயித்தவரா, மேசை போட்டவரா? யோசித்துப் பாருங்கள்.

சரி, இந்தக் கதைக்கும் திருப்பூருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

மரத்தடியும் மொபைலும்

போக்கர் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும், நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். சீட்டு திறக்கத் திறக்க பணம் ஏற்றலாம், அல்லது விலகலாம். மூணு சீட்டு ஆடத் தெரிந்தவருக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். நம் பக்கம் போக்கரை விட ரம்மிதான் அதிகம். ஆனால் மொபைலுக்குள் போன பிறகு இரண்டும் ஒரே குடும்பம். ஒரே மாதிரி போனஸ், ஒரே மாதிரி விளம்பரம், ஒரே மாதிரி ஓட்டை.

நேரில் ஆடும் ஆட்டத்தில் சில தடைகள் தானாகவே இருக்கும். சீட்டைக் கலைக்க வேண்டும், போட வேண்டும், ஒருவர் யோசிப்பார், ஒருவர் டீ சொல்வார், ஒருவர் போன கையைப் பற்றியே புலம்பிக்கொண்டிருப்பார். இதற்கெல்லாம் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு 25, 30 கைதான் ஆட முடியும். பாக்கெட்டில் உள்ள பணம் தீர்ந்தால் எழுந்தே ஆக வேண்டும். கடன் கேட்டால் எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். வீட்டிலிருந்து போன் வரும். எல்லாவற்றுக்கும் மேல், தோற்றவன் முகம் மேசையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். "ஏனுங்ணா, போதும் எந்திரிங்க" என்று சொல்ல ஒரு ஆளாவது இருப்பான்.

மொபைலில் இது எதுவும் கிடையாது. ஒரு மேசையில் மணிக்கு 70, 75 கை. ஒரே நேரத்தில் நாலு மேசை திறந்து வைத்தால் 300 கை. எதிரில் இருப்பது முகமில்லாத ஒரு புனைபெயர். பணம் தீர்ந்தால் யு.பி.ஐ. இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வா என்று சொல்ல யாரும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நண்பர்களோடு நாலு மணி நேரம் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கை என்றால் வாரம் 120 கை, வருடத்துக்கு 6,240 கை. மொபைலில் நாலு மேசை ஆடுபவர் இதே 6,240 கையை 21 மணி நேரத்தில் முடித்துவிடுவார். அதாவது ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் இரண்டு மூன்று ராத்திரிக்குள்! ஒரு வருடத்தில் மெதுவாகத் தோற்று, நடுவில் புத்தி வந்து நிறுத்தியிருக்க வேண்டிய பணம், புத்தி வருவதற்கு முன்னாலேயே போய்விடும்.

மேசைக்காரன் எப்போதும் தோற்பதில்லை

அடுத்தது கமிஷன். போக்கரில் கம்பெனி உங்களோடு ஆடுவதில்லை. ஆடுபவர்கள் ஒருவர் பணத்தை ஒருவர் ஜெயித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கையிலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து மேசை போட்டவர் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். வழக்கமாக மூன்றிலிருந்து ஐந்து சதவீதம். ஐந்து சதவீதம்தானே என்று தோன்றும்.

ஆறு பேர் தலைக்கு 2,000 ரூபாய் கொண்டுவந்து உட்காருகிறார்கள். மேசையில் மொத்தம் 12,000. சராசரியாக ஒரு கையில் 400 ரூபாய் சேர்கிறது, அதில் ஐந்து சதவீதம் 20 ரூபாய் கமிஷன் என்று வையுங்கள். நேரில் மணிக்கு 25 கை என்றால் மணிக்கு 500 ரூபாய் மேசைக்குப் போகும். நாலு மணி நேரத்தில் 2,000, அதாவது ஒருவர் கொண்டுவந்த பணம் முழுசாகக் காலி. மொபைலில் மணிக்கு 75 கை என்றால் 1,500 ரூபாய். நாலு மணி நேரத்தில் பாதி மேசை காலி. எட்டு மணி நேரத்தில் 12,000-மும் காலி! ஆறு பேரும் சம திறமைசாலிகள், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் ஆறு பேருக்கும் மிச்சம் பூஜ்யம். (அதற்கு முன்பே யாராவது புதிதாகப் பணம் போட்டு மேசையை ஓட்டுவார்கள் என்பது வேறு விஷயம்.)

இதற்கு மேல் வரி. 2023 அக்டோபர் 1 முதல் ஆன்லைன் பண ஆட்டங்களில் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. 100 ரூபாய் கட்டினால் அதில் ஏறக்குறைய 22 ரூபாய் வரி. நிறைய கம்பெனிகள் அதைப் போனஸாகத் திருப்பிக் கொடுத்து ஆளை உட்கார வைத்தன. அதே 2023 ஏப்ரல் முதல் நிகர ஜெயிப்பில் 30 சதவீத டி.டி.எஸ். வியாபாரத்தில் நஷ்டம் வந்தால் எட்டு வருடம் வரை கொண்டுபோய் லாபத்தில் கழிக்கலாம். இந்த ஆட்டத்தில் போன வருட நஷ்டத்தை இந்த வருட ஜெயிப்பில் கழிக்க முடியாது. தோற்றால் உன் பாடு, ஜெயித்தால் அரசுக்குப் பங்கு.

கமிஷன், ஜி.எஸ்.டி., டி.டி.எஸ். மூன்றையும் தாண்டி லாபம் பார்க்க மற்றவர்களை விடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதாது. மிக மிக நன்றாக ஆட வேண்டும். பொழுதுபோக்குக்கு ஆடும் ஆளுக்கு அது நடக்காத காரியம்.

பைசா கணக்குப் பார்க்கும் ஊர்

இங்கேதான் திருப்பூர் வருகிறது. இந்த ஊருக்குக் கணக்குத் தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா? பவர் டேபிள் வைத்திருப்பவர் ஒரு பீஸுக்குப் பத்து பைசா, இருபது பைசா ஏற்றிக் கேட்டுக் கம்பெனி வாசலில் மணிக்கணக்கில் நிற்பார். நூல் விலை கிலோவுக்கு அஞ்சு ரூபாய் ஏறினால் ஊரே பேசும். கட்டிங்கில் எவ்வளவு வேஸ்ட் போகிறது, சாயத்துக்கு எவ்வளவு, நிட்டிங்குக்கு எவ்வளவு, செக்கிங்கில் எத்தனை பீஸ் கழியும், எல்லாம் விரல் நுனியில் இருக்கும். கோடிக்கணக்கில் டர்ன்ஓவர் காட்டுகிற ஆளைப் பார்த்தால் இந்த ஊர் வாய் பிளக்காது. "அதெல்லாஞ் செரி, மிச்சம் எவ்வளவு?" என்றுதான் கேட்கும்.

அதே ஊரில் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு ஓவர்லாக் டெய்லர் ஒருவர் ரூமுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம். ஊர் எங்கேயோ இருக்கும், தேனியோ, ஒடிசாவோ. ரூமில் செய்ய ஒன்றும் இல்லை, கையில் மொபைல் இருக்கிறது. 2,000 கட்டி 3,500 ஆனால் '3,500 ஜெயித்தேன்' என்பார். அடுத்த நாள் 3,500-மும் போய், இன்னும் 2,000 கட்டி அதுவும் போனால் '2,000 போச்சு' என்பார். மொத்தம் 4,000 போனது எந்த நோட்டிலும் ஏறாது. பீஸுக்குப் பத்து பைசா பார்க்கிற அதே மூளை, கைக்கு இருபது ரூபாய் போவதைப் பார்க்காது. காரணம் புத்தியில்லாமை அல்ல. பீஸ் கணக்கைக் கேட்க அங்கே ஒரு சூப்பர்வைசர் இருக்கிறார், ஒரு பில் இருக்கிறது. இங்கே கணக்குக் கேட்பவர் யாரும் இல்லை. ஆப்பில் பச்சைக் கலரில் மின்னுவது ஜெயிப்பு மட்டும்தான்.

கணக்குத் தெரிந்த ஊர் கணக்கில் ஏமாந்தது இது முதல் தடவையும் இல்லை. 2007, 2008 வாக்கில் டாலர் விலை ஏறி இறங்குவதிலிருந்து பாதுகாப்பு என்று நம்பி, வங்கிகள் விற்ற அந்நியச் செலாவணி டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டுத் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அவர்களும் தினம் டாலர் விலையைப் பார்த்துத் தொழில் செய்த திறமைசாலிகள்தான். திறமை இருக்கிற இடத்தில்தான் 'நமக்குத் தெரியும்' என்ற தைரியம் வருகிறது. அந்தத் தைரியத்தைத்தான் மேசை போடுகிறவன் விலைக்கு வாங்குகிறான்.

தப்பான கேள்வி

இப்போது சட்டம். 1967-ல் உச்ச நீதிமன்றம் ஆந்திரத்தில் ஒரு கிளப் வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று சொன்னது. எந்தச் சீட்டு விழுந்தது என்று ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைப்பது எதை விடுவது என்று யோசிக்க வேண்டும், மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்பது வாதம். சரியான வாதம்தான். ஆனால் அது மேசையில் நிஜச் சீட்டோடு ஆடிய காலத்துத் தீர்ப்பு.

அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் எல்லோரும் அதே கேள்வியைப் பிடித்துத் தொங்கினார்கள். திறமையா, அதிர்ஷ்டமா? போக்கர் திறமை என்று 2013-ல் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் கிளப்புகளுக்குச் சாதகமான உத்தரவு. இல்லை, அதிர்ஷ்டம்தான் என்று 2017-ல் குஜராத் உயர் நீதிமன்றம். அதே சீட்டு, அதே ஆட்டம். மாநிலம் தாண்டினால் திறமை அதிர்ஷ்டமாகிவிடுகிறது!

தமிழ்நாட்டின் கதை இன்னும் நீளம். கடன்பட்டுத் தற்கொலைகள் செய்தியாக வந்தபடி இருந்த நேரத்தில், 2020 நவம்பரில் அ.தி.மு.க. அரசு தடை கொண்டுவந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-ல் தி.மு.க. அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பினார், 2023 மார்ச்சில் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, ஏப்ரலில் சட்டமானது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்த பட்டியலை மட்டும் நீக்கியது.

இத்தனை வருட இழுபறியில் உருப்படியான ஒரு காரியம் 2025 பிப்ரவரியில் வந்தது. தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையத்தின் விதிமுறைகள். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டம் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும், 18 வயதுக்குக் கீழே கூடாது. அதே ஜூன் மாதம் உயர் நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது. இந்த விதிகள் திறமையா அதிர்ஷ்டமா என்று கேட்கவே இல்லை. எத்தனை மணிக்கு, யார் ஆடுகிறார் என்று மட்டும் கேட்டன. அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் 'போதும் எந்திரிங்க' என்று சொன்ன ஆளின் வேலையைச் சட்டம் செய்யப் பார்த்தது.

அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குள், 2025 ஆகஸ்ட் 22-ல் மத்திய அரசின் சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டமும் கூடாது. நடத்துபவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. பெரிய ஆப்கள் அந்த வாரமே பண ஆட்டத்தை நிறுத்தின. கம்பெனிகள் தொடுத்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். 1930-ம் வருடச் சூதாட்டச் சட்டத்தை வைத்து மரத்தடியில் சீட்டாடுபவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டே இருந்தது. 'ஐந்து பேர் கைது, சீட்டுக்கட்டும் பணமும் பறிமுதல்' என்று பேப்பரில் மூலையில் செய்தி வரும். அதே பேப்பரில், டி.வி.யில், கிரிக்கெட் மேட்ச் நடுவில் பத்து மடங்கு வேகமான ஆட்டத்துக்குப் பெரிய நட்சத்திரங்கள் விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள். மெதுவாகப் பணம் போகும் ஆட்டம் குற்றம், வேகமாகப் போகும் ஆட்டம் திறமை!

"ஜெயிக்கிறவனும் இருக்கானே?"

இருக்கிறார்கள். நிபுன் ஜாவா 2017-ல் உலகப் போக்கர் தொடரில் பட்டம் வாங்கினார். 2018-ல் நிகிதா லூதர் அந்தப் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண்ணானார். 2024-ல் சந்தோஷ் சுவர்ணா, 2,50,000 டாலர் கட்டணப் போட்டியில் ஜெயித்து 54 லட்சம் டாலர் அள்ளினார். போக்கரில் திறமை இல்லை என்று சொல்பவர் ஆட்டத்தைப் பார்க்காதவர். சொந்தப் பணம், சொந்த விருப்பம், பெரியவர்களை அரசு ஏன் தடுக்க வேண்டும் என்ற கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் திறமை இருக்கிறது என்பதே சாதாரண ஆட்டக்காரனுக்குக் கெட்ட செய்தி. லாட்டரியில் திறமை கிடையாது, அதனால் எல்லோரும் ஒரே மாதிரி தோற்பார்கள். திறமை உள்ள ஆட்டத்தில் திறமை குறைந்தவன் பணம் திறமை கூடியவனிடம் நிச்சயமாகப் போய்ச் சேரும். தான் எந்தப் பக்கம் என்பது ஆயிரக்கணக்கான கை ஆடிய பிறகுதான் தெரியும். அதற்குள் சம்பளம் போய்விடும்.

மத்திய அரசு சட்டம் கொண்டுவரும்போது, வருடத்துக்கு 45 கோடிப் பேர் சுமார் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்று ஒரு மதிப்பீடு சொன்னது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு 444 ரூபாய்தான் வருகிறது. ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோடு போனால் ஆகிற செலவு. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். சராசரி செய்யும் மோசடி இது. நூறு ரூபாயோடு நிறுத்தியவனும், தாலிக்கொடியை அடகு வைத்தவனும் ஒரே சராசரிக்குள் இருக்கிறார்கள். ஆட்டத்தின் வருமானம் இரண்டாமவனிடமிருந்துதான் அதிகம் வருகிறது, நாசமான வீடும் அவனுடையதுதான்.

இப்போது எங்கே போவார்கள்?

ஆப் போனால் ஆசை போய்விடுமா? வெளிநாட்டுத் தளம் இருக்கிறது, டெலிகிராம் குரூப் இருக்கிறது. அவை எந்தச் சட்டத்துக்கும் பதில் சொல்லாது. படித்த பையன்களுக்கு இன்னொரு கௌரவமான மேசை திறந்தே இருக்கிறது. பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ. சீட்டாடுகிறான் என்றால் வீட்டில் திட்டுவார்கள். ஆப்ஷன் டிரேடிங் செய்கிறான் என்றால் 'பையன் மார்க்கெட் பார்க்கிறான்' என்று பெருமைப்படுவார்கள்.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு இது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். சட்டப்படி நடப்பது, செபி கண்காணிப்பது, திறமை வேண்டியது, படித்தவர்கள் ஆடுவது... எல்லாம் இருந்தும் 93 சதவீதம். 'திறமை ஆட்டம்' என்ற முத்திரை யாரையும் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதனால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான்.

1. ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை பணம் வைக்க முடிகிறது?
2. ஒவ்வொரு தடவையும் நடத்துபவருக்கு எவ்வளவு போகிறது?
3. எழுந்து வா என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

சட்டம் இந்த மூன்றையும் கேட்டால் போக்கர், ரம்மி, ஆப்ஷன் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் கிடைக்கும். சட்டம் கேட்கும் வரை ஆடுகிறவன் கேட்கலாம். பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, கட்டியது, எடுத்தது, அவ்வளவுதான். ஆப்பில் இருக்கும் 'பேலன்ஸ்' எடுத்ததாகாது, வங்கிக் கணக்குக்கு வந்ததுதான் எடுத்தது. மூன்று மாதம் எழுதிவிட்டுக் கடைசியில் கூட்டிப் பார்க்க வேண்டும்.

பனியன் கம்பெனியில் மூன்று மாதம் தொடர்ந்து நஷ்டம் காட்டும் ஆர்டரை எந்த முதலாளியும் நாலாவது மாதம் எடுக்க மாட்டார். பீஸ் அழகாக இருந்தது, கலர் நன்றாக வந்தது, தைத்தவன் திறமைசாலி என்றெல்லாம் சொன்னால், "செரி கண்ணு, மிச்சம் எங்கே?" என்பார்.